இறக்கத்தில் தெரியும்

தீபாவளிக்கு முதல் நாள் இரவு அவிசாவளையில் தொடங்கி யட்டியாந்தோட்டை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஏறும் ஏ-7 வீதி முழுக்க மோட்டார் சைக்கிள்கள்தான். கொழும்பில் புறக்கோட்டைத் துணிக்கடைகளிலும் வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளிலும் கட்டட வேலைகளிலும் இருக்கும் மலையகத் தோட்டத்துப் பிள்ளைகள் கடை பூட்டும் வரை நின்று, சம்பளத்தை வாங்கிக்கொண்டு, பின் இருக்கையில் தம்பியையோ துணிமூட்டையையோ ஏற்றிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு ஏறக்குறைய 120 கிலோமீற்றர் தூரம். கடல் மட்டத்தில் கிளம்பும் வண்டி 1,200 மீற்றருக்கு மேல் ஏற வேண்டும். கித்துல்கலவில் மழை பிடிக்கும், கினிகத்தேனைக்கு மேல் பனிமூட்டம் கண்ணை மறைக்கும், ஹட்டனிலிருந்து தோட்டத்துக்குப் போகும் கடைசிப் பாதையில் தாரும் இருக்காது, விளக்கும் இருக்காது.

நெடுந்தூர மோட்டார் சைக்கிள் என்றதும் வேறு நாடுகளில் இரண்டு பக்கமும் பெட்டி பூட்டிய, ஆயிரம் சிசி எஞ்சின் கொண்ட பெரிய வண்டிகள்தான் நினைவுக்கு வரும். எங்கள் மலையில் அந்த வேலையை 125 சிசியும் 150 சிசியும் செய்கின்றன. பெரும்பாலும் அவை இரண்டாம் கை, மூன்றாம் கை வண்டிகள். அந்தக் கை மாறும் நேரத்தில் ஒரு வண்டியை நம்பலாமா கூடாதா என்று எப்படித் தீர்மானிப்பது என்பதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். வெறும் எஞ்சின் விவகாரமாக இதை நான் பார்க்கவில்லை.

முதலில் காசைச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து வருடம், உள்ளூரில் பொருத்தி விற்கப்பட்ட சில வகைகளைத் தவிர, நாட்டில் இருந்த வண்டிகளே கைக்குக் கை சுற்றின. 2022இல் ரூபா சரிந்து, 200 ரூபா அளவில் இருந்த டொலர் 360ஐத் தாண்டியது. பழைய வண்டியின் விலை ஏறிக்கொண்டே போனது. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று தீர்மானமானது. நான்கு லட்சம் ரூபாவுக்கு ஒரு பழைய வண்டியைப் பேசி முடிக்கிறோம் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சம்பளத்தில் அது 296 நாள் வேலை. அரிசி மா வாங்காமல், கடன் கட்டாமல், ஒரு நாள்கூட மழைக்கு லீவு போடாமல் 296 நாள்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். சீட்டுக் காசு, அடகுக் கடைக்குப் போன நகை, லீசிங். இவற்றை விடக் கனமான பணம் ஒன்று உண்டு. ஐம்பது வயதில் பெயர் வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் அம்மாவின் ஊழியர் சேமலாப நிதி. முப்பது வருடம் கூடை சுமந்ததற்கு ஒரே தடவையாகக் கைக்கு வரும் தொகை. அதில் ஒரு பங்கு மகனின் வண்டியாக மாறுகிறது. அதை வாங்கிய இரண்டாம் மாதம் எஞ்சின் கழற்றப்பட்டு லயத்து வாசலில் சாக்கின் மேல் கிடந்தால், அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

வாங்கப் போகிறவன் முதலில் கேட்பது, "எத்தனை ஆயிரம் ஓடியிருக்கு?" என்றுதான். என் அனுபவத்தில் இவ்வளவு குறைவாகப் பயன்படும் கேள்வி வேறில்லை. மீற்றரைத் திருப்புவது பெரிய வித்தையல்ல. வயர் அறுந்த மீற்றர் வருடக்கணக்கில் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. சரி, எண் உண்மையானதாகவே இருக்கட்டும். குருநாகல் பக்கத்துச் சமவெளியில் நாலாவது, ஐந்தாவது கியரில் ஒரே சீராக 40,000 கிலோமீற்றர் ஓடிய வண்டிக்கும், டிவிசனுக்கும் டவுனுக்கும் இடையில் நாலு கிலோமீற்றர் ஏறி நாலு கிலோமீற்றர் இறங்கியே 15,000 சேர்த்த வண்டிக்கும் எது இளமையானது? மீற்றர் சொல்வது தூரத்தை மட்டும். மலை வண்டியைத் தேய்ப்பது தூரத்தால் அல்ல. முதலாம் இரண்டாம் கியரின் இரைச்சலாலும், பாதி பிடித்த கிளட்சாலும், விடாமல் அழுத்திய பிரேக்காலும்தான்.

குளிர்ப் பிரதேசத்துக்கு இன்னொரு நோய் உண்டு. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் எஞ்சினின் அடிப்பகுதிக்கு இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறி நேரம் எடுத்து ஓடினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஐந்து நிமிடம், மாலையில் கடைக்கு ஐந்து நிமிடம் என்று மட்டும் ஓடும் வண்டி முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. ஈரம் ஒயிலோடு கலந்து நுரைக்கிறது. ஒயில் மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். பால் ஊற்றிய தேநீரின் நிறத்தில் குழம்பு ஒட்டியிருந்தால், மீற்றர் என்ன சொன்னாலும் அந்த எஞ்சினை ஒருமுறைக்கு இருமுறை யோசித்துத் தொடுங்கள். அது குறுந்தூரம் ஓடிய குளிர் ஈரமாகவும் இருக்கலாம், வெள்ளத்தில் மூழ்கிய ஈரமாகவும் இருக்கலாம்.

வெள்ளம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைக் கிழித்துப் போட்டது. மண்சரிவில் போன உயிர்களுக்கும் வீடுகளுக்கும் முன்னால் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுவதற்கே மனம் வரவில்லை. ஆனாலும் அந்த நாட்களில் மகாவலியின் கரையில், கம்பளைப் பக்கத்தில், தண்ணீருக்குள் நின்ற வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வரும் என்பதையும் மறக்க முடியாது. இருக்கையைக் கழற்றி அதன் அடியில் பஞ்சைப் பிடித்துப் பாருங்கள். ஹெட்லைட் கண்ணாடியின் உள்ளே சேற்றுக் கோடு இருக்கிறதா, வயர் முடிச்சுகளுக்குள் பச்சைத் துரு இருக்கிறதா என்று கவனியுங்கள். வெளியே எவ்வளவு கழுவினாலும் வண்டல் மண் இந்த இடங்களில் தங்கிவிடும்.

எஞ்சினைக் கேட்பதற்கு நேரம் காலை. விற்பவரிடம், "நான் வரும் வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை, எஞ்சினின் மேல் கை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் உங்களுக்குக் காட்டக்கூடாத ஏதோ ஒன்று காலையில் நடந்து முடிந்திருக்கலாம். நுவரெலியாவில் ஜனவரிக் காலைகளில் கொழுந்தைக் கருக்கும் உறைபனி விழுகிறது. அந்தக் குளிரில் இரண்டு மூன்று உதையில் உயிர் பெறும் எஞ்சினுக்குக் கம்ப்ரெஷனும் மின்பொறியும் ஒழுங்காக இருக்கின்றன என்று நம்பலாம். அப்போது சைலன்சரிலிருந்து வரும் வெள்ளைப் புகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குளிரில் அது வெறும் நீராவி, சில நிமிடத்தில் கரைந்துவிடும். கரையாமல் நீல நிறத்தில் நின்று, கருகிய ஒயில் மணத்தை மூக்கில் விட்டுப் போகும் புகைதான் கவலைக்குரியது.

இந்த இடத்தில் நல்ல வண்டியைத் தவறாக ஒதுக்கிவிடும் அபாயமும் இருக்கிறது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் வண்டிக்கு இது தெரியாது. அது கொழும்பில் கொடுத்த பெட்ரோலையே இங்கும் கொடுக்கும், அதை எரிக்கக் காற்று போதாது. ப்ளக்கைக் கழற்றினால் கரி படிந்திருக்கும், ஏற்றத்தில் வண்டி தளரும். எஞ்சின் செத்துவிட்டது என்று வாங்க வந்தவன் முடிவு கட்டிவிடுவான். உண்மையில் அது கொழும்பு அளவுக்குச் சரிசெய்த கார்புரேட்டர்தான். கைதேர்ந்த ஒருவர் கொஞ்ச நேரத்தில் சரிபண்ணிவிடுவார். மறுபக்கம், நுவரெலியாவில் பெட்ரோல் அளவை மெலிதாக்கி ஓட்டிய வண்டியை அப்படியே கொழும்புக்குக் கொண்டுபோய் ஓட்டினால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சுடும். மேலும் கீழும் போய்வருகிறவன் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பெட்ரோலை ஊசியால் தெளிக்கும் புது வகை எஞ்சின்கள் காற்றை அளந்து தாங்களே சரிசெய்துகொள்கின்றன. மேலும் கீழும் அலைகிற வாழ்க்கைக்கு அவை பெரிய உதவி என்பேன். ஆனால் அவற்றில் கோளாறு வந்தால் பார்க்கக் கருவியுள்ள கராஜ் வேண்டும், அது எல்லா டவுனிலும் இல்லை.

இனி ஓட்டிப் பார்க்கும் விஷயம். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏற்றத்தில்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள். "ஏறுதா பாப்போம்" என்று ஒரு மேட்டில் முறுக்கிவிட்டுத் திரும்புகிறார்கள். கிளட்சைப் பார்க்க அது தேவைதான். மூன்றாவது கியரில் ஏறும்போது திடீரென்று முறுக்கினால் இரைச்சல் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது. ஆனால் எஞ்சினின் உள்நிலை தெரிவது இறக்கத்தில். கொட்டகலைப் பக்கத்து வயதான மெக்கானிக் பாஸ் ஒருவர் வாங்க வருகிறவர்களிடம் சொல்வதைப் பல தடவை கேட்டிருக்கிறேன்.

"தம்பி, மேல வேணாம். கீழ எறங்குங்க. அக்சிலேட்டர மூடிட்டு ரெண்டாவது கியர்லயே பாலம் வரைக்கும் போங்க. பாலத்துல ஒரு தடவ நல்லா முறுக்குங்க. நான் பின்னால வாறேன், பொகைய நான் பாக்கிறேன்."

"ஏன் பாஸ், நானே கண்ணாடியில பாத்துக்க மாட்டேனா?"

"நீங்க ரோட்டப் பாருங்க."

அவர் சொல்வதற்கு இயந்திரக் காரணம் தெளிவானது. எரிபொருளை மூடிக்கொண்டு இறங்கும்போது சக்கரம் எஞ்சினைச் சுழற்றுகிறது. உள்ளே இழுக்கக் காற்று இல்லாததால் உறிஞ்சும் குழாயில் வெற்றிடம் உண்டாகிறது. வால்வின் ஒயில் சீல் தேய்ந்திருந்தால் அந்த வெற்றிடம் ஒயிலைச் சொட்டுச் சொட்டாக உள்ளே இழுத்துச் சேர்க்கும். கீழே வந்து முறுக்கியவுடன் சேர்ந்த ஒயில் எல்லாம் ஒரே மூச்சில் எரிந்து நீலப் புகையாக வெளியே வரும். முறுக்கும்போதெல்லாம், ஏற்றத்திலும் சமதளத்திலும், விடாமல் புகைந்தால் குறை பிஸ்டன் ரிங்கிலோ சிலிண்டரிலோ இருக்கிறது. அது பெரிய செலவு. இறங்கி முறுக்கும்போது மட்டும் ஒரு மேகம் போல வந்து நின்றுவிட்டால் குறை சீலில், செலவு சிறிது. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் பல பத்தாயிரம் ரூபா. சமவெளிக்காரனுக்கு இந்தப் பரிசோதனை எளிதில் கிடைக்காது. எங்களுக்கு வாசலிலேயே கிடைக்கிறது. நுவரெலியாவிலிருந்து லபுக்கலை தாண்டி ரம்பொடைக்கு இறங்கும் வீதியில் ஒரு தடவை போய் வந்தால், பொய் சொல்லும் எஞ்சினால் அதற்குமேல் மறைக்க முடியாது.

அதே இறக்கம் பிரேக்கையும் காட்டும். டிஸ்க் பிரேக்கின் ஒயில் காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் கலந்த ஒயில் நீண்ட இறக்கத்தின் சூட்டில் கொதித்துக் குமிழியாகும். அப்போது கைப்பிடி இறுக்கமில்லாமல் ஹேண்டில் வரை வரும், வண்டி நிற்காது. டவுனுக்குள் இரண்டு சந்து ஓட்டிப் பார்த்தவனுக்கு இது தெரியவே தெரியாது. ஒயில் தேன் நிறத்தைத் தாண்டிக் கறுத்திருந்தால் வாங்கிய அன்றே மாற்ற வேண்டும். டிஸ்கில் அதன் குறைந்தபட்சத் தடிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று புரியும். 2025 மே 11 அன்று கெரண்டிஎல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நான் மேலே சொன்ன இறக்கத்தின் தொடர்ச்சி அந்த வீதி. பிரேக்கைப் பற்றிய பேச்சை விலைப் பேரத்தின் ஒரு பகுதியாக நினைப்பவர்கள் அந்த வளைவில் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

உடம்பைப் பற்றி. தோட்டத்து வண்டி சுமக்காத பொருள் கிடையாது. கேஸ் சிலிண்டர், உர மூட்டை, நுவரெலியாப் பக்கம் லீக்ஸும் கரட்டும் நிறைந்த சாக்கு, மூன்றாவது ஆளாக ஒரு பள்ளிப் பிள்ளை. இவ்வளவும் பின் கெரியரிலும் அதைத் தாங்கும் சட்டத்திலும்தான் இறங்குகிறது. இருக்கையைக் கழற்றிச் சட்டம் இணையும் மூலைகளை விரலால் தடவ வேண்டும். சுற்றிலும் பழைய வண்ணம் இருக்க, அந்த ஒரு மூலையில் மட்டும் புதுக் கறுப்பு வண்ணம் பளபளத்தால் அதன் அடியில் வெல்டிங் இருக்கும். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பது போலத் தோன்றினால் கழுத்துப் பெயரிங் போய்விட்டது. குழி நிறைந்த தோட்டப் பாதையின் வேலை அது. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், முன் ஃபோர்க்கின் சீலில் ஒயில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள், செயின் பற்சக்கரத்தின் பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கியாகிவிட்டதா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆம் வாரம். பூ இருந்தாலும் ரப்பர் கல்லாகிவிட்ட டயர் மழையில் பிடிக்காது. கால் வைக்கும் ரப்பர், பிரேக் மிதி, சாவித் துளை ஆகிய மூன்றும் மீற்றர் சொல்லாத தூரத்தைச் சொல்லும்.

ராபர்ட் பிர்சிக் எழுதி 1974இல் வெளிவந்த மோட்டார் சைக்கிள் நூலில் ஒரு சம்பவம் வருகிறது. அவருடைய எஞ்சின் திரும்பத் திரும்பப் பழுதாகிறது. பார்த்த மெக்கானிக்குகள் சத்தத்தைக் கேட்டு அதையும் இதையும் மாற்றுகிறார்கள். உண்மையான காரணம், ஒயிலை மேலே அனுப்பும் பகுதியில் முறிந்துபோன இருபத்தைந்து சதம் பெறுமதியான ஒரு சிறு ஊசி. அந்த மெக்கானிக்குகளுக்கு அக்கறை இல்லை என்பதுதான் பிர்சிக்கின் முறைப்பாடு. ஒரு வண்டியின் நம்பகத்தை விசாரிப்பது, அதைத் தொட்ட கைகளை விசாரிப்பதுதான். ஆகவே நான் வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே, அதை வழக்கமாகச் செய்துவந்த கராஜ் எது என்று கேட்கச் சொல்வேன். பெயர் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்குவதில் எனக்கு விருப்பமில்லை. சொன்னால், நேராக அங்கே போங்கள். ஹட்டனோ தலவாக்கலையோ பொகவந்தலாவையோ, எங்கள் டவுன்கள் சிறியவை. எந்த வண்டி எப்போது வந்தது, எதைக் கழற்றினோம் என்று அந்தக் கராஜில் யாருக்காவது ஞாபகம் இருக்கும்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைப் பொருளியலாளர் ஜோர்ஜ் அகர்லோஃப் 1970இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். பழைய கார்ச் சந்தையைத்தான் உதாரணமாக எடுத்தார். வண்டியின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. ஏமாறப் பயந்து வாங்குகிறவர் எந்த வண்டிக்கும் நடுத்தர விலையே கேட்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்குக் கொடுக்க மனமில்லாமல் விற்பதையே விட்டுவிடுவார். சந்தையில் மிஞ்சுவது மோசமான வண்டிகள். மூன்று சஞ்சிகைகள் திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரை அவருக்கு 2001இல் நோபல் பரிசில் பங்கைப் பெற்றுக் கொடுத்தது. இறக்குமதி நின்ற வருடங்களில் எங்கள் சந்தையில் நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். நல்ல வண்டி வைத்திருந்தவன் விற்கவில்லை; விற்றால் வேறு வாங்க முடியாது. தொல்லை தந்த வண்டிகள்தான் அடிக்கடி கை மாறின.

அந்த விதியிலிருந்து தப்பிய வண்டிகளும் உண்டு. 2022இல் மூன்று லட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். விமானச் சீட்டுக்காக, ஏஜென்சிக் காசுக்காக, நேற்று வரை துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டியை மலையகத்துப் பிள்ளைகள் பலர் விற்றார்கள். வண்டியில் குறை இருந்ததால் அவர்கள் விற்கவில்லை. ஆகவே "ஏன் விக்கிறீங்க?" என்பதுதான் என் பட்டியலில் முதல் கேள்வி. காரணம் வண்டிக்கு வெளியே இருந்தால், அதாவது பயணம், கல்யாணம், வைத்தியச் செலவு என்று இருந்தால், அந்த வண்டியில் நம்பிக்கை வைக்க இடமிருக்கிறது. கைக்கு வந்து ஆறு மாதத்தில் விற்கிறார் என்றால், அந்த ஆறு மாதத்தில் அவர் என்ன கண்டுபிடித்தார் என்று யோசிக்க வேண்டும். அதே 2022இன் இன்னொரு வடு: எரிபொருள் பங்கீட்டில் மோட்டார் சைக்கிளுக்கு முதலில் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர். பல வண்டிகள் மாதக்கணக்கில் நின்றன, டாங்கியின் உள்ளே துரு பிடித்தது, கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாக ஒட்டியது. டாங்கி மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

கொஞ்சம் வசதியுள்ள இளைஞர்கள் இப்போது ஜப்பானிலிருந்து வந்த பழைய டிரெயில் வண்டிகளைத் தேடுகிறார்கள். ஹொண்டா பாஜா 250இன் இரட்டை ஹெட்லைட்டைப் பனிமூட்டத்தில் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை புரியும். உயரமான வண்டி, உறுதியான எஞ்சின், குழிகளைப் பொருட்படுத்தாத ஷொக். அவற்றின் மேல் எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அவற்றில் பல இருபது வருடத்துக்கு மேற்பட்டவை. ஒரு கேபிளோ கேஸ்கட்டோ போனால் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்ப வேண்டும். அங்கும் இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டும். பஜாஜுக்கும் ஹீரோவுக்கும் டிவிஎஸ்ஸுக்கும் தேவையான பாகம் ஹட்டன் டவுனிலேயே கிடைக்கும். உடையாத வண்டி என்று ஒன்று இல்லாதபோது, உடைந்த அன்றைக்கே எழுந்து நடக்கக்கூடிய வண்டியைத்தான் நம்பகமான வண்டி என்று நான் கொள்வேன். வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதையே நம்பியிருக்கிற குடும்பத்துக்கு இந்திய வண்டியையே சிபாரிசு செய்வேன். பாஜா இரண்டாவது வண்டியாக இருக்கலாம்.

மருத்துவ மாணவனாக இருந்த சே குவேராவும் நண்பரும் 1952இல் தென்னமெரிக்காவைச் சுற்றக் கிளம்பியதும் 1939ஆம் வருடத்து நோர்ட்டன் 500 ஒன்றில்தான். பல தடவை விழுந்து, கம்பியால் கட்டி, ஓட்டி, கடைசியில் சிலி நாட்டில் அது ஒரேயடியாக நின்றது. அவர்கள் அதை விட்டுவிட்டு லொறிகளில் ஏறிப் போனார்கள். பயணம் அதற்குப் பிறகுதான் ஆழமானது என்று வாசகர்கள் பலர் சொல்வார்கள். பழுதான வண்டியை வழியில் விட்டுவிட்டு நடப்பது ஒரு மருத்துவ மாணவனின் வாழ்க்கையில் நல்ல அத்தியாயமாகலாம். இரவு பதினொரு மணிக்குக் கினிகத்தேனையில் நின்றுபோன வண்டியின் பக்கத்தில், அம்மாவின் சேமலாப நிதியில் வாங்கிய வண்டியின் பக்கத்தில், மழையில் நிற்கும் பிள்ளைக்கு அப்படி ஒரு அத்தியாயம் தேவையில்லை.

பத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் விதி எளிது. பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் நம்பரையும் செசி நம்பரையும் வண்டியிலுள்ள நம்பரோடு கண்ணால் ஒப்பிடுங்கள். புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதம் கைக்கு வராமல் ஒரு ரூபாகூடக் கொடுக்காதீர்கள்; இன்னொருவர் கட்டாத தவணைக்கு வண்டி உங்கள் வாசலிலிருந்து தூக்கப்படும். வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் மூன்றும் நடப்பு வருடத்துக்கு உரியவையா என்று பாருங்கள். 'ஓப்பன் பேப்பர்' என்று கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவத்தோடு நாலைந்து கை மாறிய வண்டிகள் எங்கள் பக்கம் ஏராளம். நடுவில் யாரோ ஒருவர் இறந்தாலோ வெளிநாடு போனாலோ, அந்த வண்டி சட்டப்படி உங்களுக்குச் சொந்தமாகாமலே போகலாம். விபத்து நடந்த அன்று அதன் விலை தெரியும்.

இவ்வளவு பரிசோதனைகளையும் எழுதிய பிறகும் எனக்குள் ஒரு குறை நிற்கிறது. இவை எல்லாம் வாங்குகிறவனுடைய தலையிலேயே பாரத்தை ஏற்றுகின்றன. பதினெட்டு வயதுப் பையன் ஒருவன், முதல் தடவையாக இவ்வளவு காசைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒயில் மூடியையும் டயர் இலக்கத்தையும் வால்வு சீலையும் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. வண்டியை அறிந்தவர் விற்பவர். மலையகத்தில் விற்பவரும் வாங்குகிறவரும் பெரும்பாலும் அடுத்தடுத்த தோட்டத்துக்காரர்கள். ஒரே பஸ்ஸில் போகிறவர்கள், ஒரே திருவிழாவில் தேர் வடம் பிடிக்கிறவர்கள். தெரியாத கொழும்புத் தரகரிடம் எதிர்பார்க்க முடியாத ஒன்றை இங்கே எதிர்பார்க்கலாம்.

விற்கிறவர்களே, வண்டியோடு ஒரு காகிதமும் கொடுங்கள். எந்த மாதம் ஒயில் மாற்றியது, எப்போது விழுந்தது, எந்த இடத்தில் வெல்டிங் வைத்தது, இப்போது என்ன சத்தம் வருகிறது என்று உங்கள் கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போடுங்கள். கராஜ் பில் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.

வாங்குகிறவர்களே, அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொரு வரியையும் காட்டி ஐயாயிரம் ஐயாயிரமாகக் குறைக்காதீர்கள். அப்படிச் செய்தால் அடுத்த தடவை யாரும் எழுதித் தரமாட்டார்கள். குறையை மறைக்காமல் சொன்னவரிடம் பேரத்தை அங்கேயே நிறுத்தி, அவர் கேட்ட விலையைக் கொடுங்கள்.